ரோண்டாவின் ஆரஞ்சு வால்கள்

கதவைத் திறந்ததும் ரோண்டா உள்ளே காலை வைக்கமாட்டாள். படியில் நின்றபடி கழுத்தை மட்டும் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுப்பாள். மாதக்கணக்கில் பனிக்கடியில் கிடந்த கேம்பர் வண்டி, படுக்கையும் அடுப்புமாக ட்ரக்கின் பின்னால் இழுத்துப்போகும் அந்தச் சின்ன வீடு, முதலில் மூக்கோடுதான் பேசும் என்பது அவள் கணக்கு. எலி வந்திருந்தால் புளித்த நெடி. கூரை ஒழுகியிருந்தால் நனைந்த அட்டை வாசம். கேஸ் கசிந்திருந்தால் அழுகிய முட்டை. எதுவுமே இல்லையென்றால் நிம்மதியாக உள்ளே போக வேண்டியதுதானே? மாட்டாள். "ஒண்ணும் வரலன்னா என்ன அர்த்தம்? நமக்குத் தெரியாதது எதுவோ இருக்குன்னு அர்த்தம்" என்பாள்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகோடியில், ஏரி முடிந்தால் காடு, காடு முடிந்தால் ஏரி என்று கிடக்கும் ஊர் அது. மே மாதம் மீன்பிடிப்பு தொடங்கும் சனிக்கிழமைக்குள் வீட்டுக் கேம்பர் ஏரிக்கரையில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று ஊர் பேசிக்கொள்ளும். இரண்டு பேர் உருளைக்கிழங்கும் கறியும் அடுக்கிய ஹாட்டிஷ் சுட்டு எடுத்துக்கொண்டு நலம் விசாரிக்கவே வந்துவிடுவார்கள். அதனால் ஏப்ரல் கடைசியில், கராஜுக்குப் பின்னால் அழுக்குப் பனி கரையாமல் கிடக்கும்போதே, தெருவெங்கும் தார்ப்பாய் உருவும் சத்தம் கேட்கத் தொடங்கும். மற்றவர்களுக்கு அது கொண்டாட்டத்தின் சத்தம். ரோண்டா டார்ச்சைத் தேடி எடுப்பாள்.

அவள் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறாள். நாற்பத்தேழு வயது, நெடிய உருவம், கணவன் கர்ட் கழித்துப்போட்ட கட்டம்போட்ட கோட்டு. விடியுமுன் பஸ்ஸைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்தையும் பூட்ஸ் நுனியால் தட்டி, அது திருப்பிச் சொல்லும் ஓசையைக் கேட்ட பிறகுதான் ஏறுவாள். பிள்ளைகள் அவளை மிஸ் ரோண்டா என்று கூப்பிடுவார்கள். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை பஸ்ஸை மைதானத்தில் நிறுத்தி, தீப்பிடித்தால் எப்படி இறங்குவது என்று பழக்குவாள். "பை வேண்டாம். கோட்டு வேண்டாம். கையக் குடு. குதி. ஓடாத, நட." மற்ற டிரைவர்கள் ஒரு தரம் செய்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். இவள், கடைசிப் பிள்ளை சிரிப்பதை நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவாள்.

கேம்பரில் போய்த் தூங்குவது அவளுக்குப் பிடிக்கும். ஆனால் கேம்பரை நம்பமாட்டாள். எதைத் தொடும் முன்பும், "இது நம்மள என்ன பண்ணலாம்னு யோசிக்குது, அத மொதல்ல பாரு" என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். அலமாரியைத் திறக்கும் முன் இரண்டு தட்டு. உள்ளே குடியிருப்பவை கிளம்புவதற்கான அவகாசம் அது. குழாய்கள் உறையாமலிருக்க ஊற்றிவைத்த ரோஸ் நிற மருந்து கழுவிப் போய், தண்ணீர் தெளிந்து வந்த பிறகும் வெகுநேரம் ஓடவிட்டு, முதல் வாயைத் தானே குடித்துவிட்டு, உட்கார்ந்து வயிற்றைக் கவனிப்பாள். கேஸ் குழாயின் மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவி, முட்டிபோட்டு, குமிழி எழுகிறதா என்று அடுப்பில் பால் வைத்தவள்போலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கூரை விரிசலுக்குப் பசை பூச ஏறும்போது இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருப்பாள். கயிற்றின் மறுமுனை ட்ரக்கின் கொக்கியில். அடுத்த வீட்டு லாய்டு, தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், காபிக் கோப்பையோடு வேலியோரம் வந்து நின்று, "ஏம்மா ரோண்டா, கர்ட் பாட்டுக்கு ட்ரக்க எடுத்துக்கிட்டு கடைக்குப் போனான்னு வெய்யி. நீயும் பின்னாடியே பறப்பியா?" என்று கேட்டார். அவள் பூசுவதை நிறுத்திவிட்டு அதை யோசித்தாள். அன்றிலிருந்து கூரை ஏறும் நாளெல்லாம் ட்ரக்கின் சாவி அவள் சட்டைப்பையில். லாய்டு இதை ஊர் பூராவும் சொல்லிச் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்தப் பயம் பிறவியோடு வந்ததல்ல. சில வருஷங்களுக்கு முன் ஒரு செப்டம்பரில், முகாமில் இவர்கள் வண்டிக்கு இரண்டு மரம் தள்ளி ஒரு வயதான தம்பதி தங்கியிருந்தார்கள். அந்த அம்மாள் மாலையில் ஒரு தட்டு நிறைய மீன் வறுத்துக் கொண்டுவந்து தந்தாள். காலையில் தட்டைத் திருப்பிக் கொடுக்க ரோண்டா போனாள். தட்டினாள். திறக்கவில்லை. ஹீட்டரின் புகைபோக்கிக்குள் குளவி கூடு கட்டியிருந்தது, வெளியே போக வேண்டிய விஷப்புகை உள்ளேயே திரும்பியிருந்தது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் ஸ்ட்ரெச்சரில் போகும்போது அந்த மனிதர், பக்கத்து ஸ்ட்ரெச்சரில் கிடந்த மனைவியைக் காட்டி, "இந்தம்மா யாரு?" என்று ரோண்டாவிடம் மரியாதையாக விசாரித்தார். அந்தத் தட்டு இன்னும் அவள் வீட்டில் இருக்கிறது. அதில் யாரும் சாப்பிடுவதில்லை.

அதற்குப் பின் வந்ததுதான் வால். இலையுதிர்காலத்தில் வண்டியை மூடி வைக்கும்போது எலியும் குளவியும் நுழையாமலிருக்க, ஓட்டைகளிலெல்லாம் கம்பிநாரைத் திணித்து அடைப்பது அந்த ஊர் வழக்கம். வசந்தத்தில் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்க மறந்தால்? அதற்காக ரோண்டா ஒவ்வொரு அடைப்பிலும் ஒரு நீள ரிப்பனைக் கட்டி வெளியே தொங்கவிடுவாள். மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் அடையாளம் கட்டுவார்களே, அந்தக் கண்ணைக் குத்தும் ஆரஞ்சு ரிப்பன். எல்லா வாலும் தொங்க, அவள் கேம்பர் மாட்டுப் பொங்கலுக்குச் சோடித்த மாடு மாதிரி நிற்கும். வால் எதுவும் கண்ணில் படாவிட்டால்தான் ஹீட்டர் எரியலாம்.

போன இலையுதிர்காலத்தில் அவளுக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை. கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு சோபாவில் கிடந்தாள். வண்டியை மூடியது கர்ட்.

கர்ட் வீடுகளுக்குச் சுவர்ப்பலகை அடிப்பவன். நல்லவன். எதையும் ஒரே தடவையில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவன். மனைவியை "இன்ஸ்பெக்டரம்மா" என்பான், கோபத்தில் இல்லை, கொஞ்சலில்தான். "வால் கட்டுனியா?" என்று அவள் சோபாவிலிருந்து கேட்டதற்கு, "அடச்சதும் நான், புடுங்கப் போறதும் நான். என் கை வச்சது எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் சமையலறை ஜன்னல் வழியே, பனிக்குவியலாகிப்போன அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் கடைசி வாரம் அவன் பிடுங்கிய கம்பிநார்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் கொட்டினான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு கர்ட்."

"யோசிச்சா குட்டி போடுமா அது?"

"ஹீட்டர் புகைபோக்கில வச்சியா?"

"அதுக்குத்தான் வலைமூடி இருக்கே. அதுல எதுக்கு நான் அடைக்கப் போறேன்?"

"அடைக்கலன்னு சொல்றியா, எதுக்கு அடைக்கப் போறேன்னு கேக்கறியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றாள் ரோண்டா. அவன் காபியை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் நகர்ந்துவிட்டான். அவள் டார்ச்சோடு வெளியே போனாள். வலைமூடிக்குப் பின்னால் கறுப்பாக இருந்தது. கறுப்பாகத்தான் இருக்க வேண்டும், புகைபோக்கிதானே. ஆனாலும் அந்தக் கறுப்பு வெறும் இருட்டா, ஒரு பொருளா என்று வெளிச்சத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். தெரியவில்லை. மூடியின் திருகாணிகள் குளிர்காலப் பனியில் துருவேறி இறுகியிருந்தன. அவள் தோளுக்கு அவற்றைத் திருப்பும் வலு இன்னும் வந்திருக்கவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை, வாசல் படுக்கை. சீசன் தொடங்குமுன் ஒருநாள், வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதே அதில் படுத்துப் பார்ப்பது பல குடும்பங்களில் உண்டு. பழுது இருந்தால் காட்டில் தெரிவதைவிட வாசலில் தெரிவது மேல். இந்த வருஷம் மகள் பிரின், பதினாலு வயது, தன் தோழிகள் ஆனிகாவையும் டெஸ்ஸையும் கூப்பிட்டிருந்தாள். இருவரும் ரோண்டாவின் பஸ்ஸில் வரும் பெண்கள். அவர்களுடைய அம்மாக்கள் போன் செய்து, "நீ இருக்கிற எடம், எங்களுக்கு என்ன கவலை?" என்று சொல்லியிருந்தார்கள். அந்த வார்த்தை ரோண்டாவின் நெஞ்சில் ஆணிபோல நின்றது. பொழுது சாய்ந்தால் மீண்டும் உறையும் என்று ரேடியோ சொன்னது. அப்படியானால் ஹீட்டர் வேண்டும்.

மத்தியானம் அவள் உள்ளே போய், சுவரிலிருந்த விஷவாயு அலாரத்தைக் கழற்றிப் பின்புறம் அச்சிட்டிருந்த தேதியைப் பார்த்தாள். அதன் ஆயுள் குளிர்காலத்திலேயே முடிந்திருந்தது. பொத்தானை அழுத்தினால் கத்தத்தான் செய்தது. செத்துப்போன நாய் குரைத்தால் நம்ப முடியுமா? அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அதே அளவில் புதிது வாங்கப் பக்கத்து ஊருக்குக் கிளம்பினாள்.

"கர்ட், நான் வர்றதுக்குள்ள அந்த மூடியக் கழட்டி உள்ள பாரு. அதுவரைக்கும் ஹீட்டரத் தொடாத."

"உத்தரவு, இன்ஸ்பெக்டரம்மா."

"வெளையாடல."

"நானுந்தான்."

கடையில் அலாரம் உடனே கிடைத்துவிட்டது. கிளம்புவதுதான் நடக்கவில்லை. "சரி, அப்போ" என்று ஒருவர் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கத்தில் பேச்சே தொடங்கும். கடைக்காரப் பெண்மணி தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தன் முழங்காலைச் சொன்னாள். ஏரியில் பனிக்கட்டி இன்னும் விலகவில்லை என்றாள். "ஆமா, விலகல" என்றாள் ரோண்டா. கதவுக்குக் கை போட்டாள். "உங்க கர்ட் எங்க நாத்தனார் வீட்டுக்குச் சுவர் அடிச்சானே" என்று அந்தப் பெண்மணி வாசல்வரை வந்தாள். வெட்டிவிட்டுப் போனால் மரியாதைக் குறைவு. ரோண்டா அந்தப் பக்கத்திலேயே பிறந்தவள், அவளால் அதைச் செய்ய முடியவில்லை. சிரித்துத் தலையாட்டிக்கொண்டே நின்றாள், கோட்டுப் பைக்குள் அலாரப் பெட்டியின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு. சாலையில் ஏறிய பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. புதியது இதோ பையில். பழையதும் பையில். வண்டிச் சுவரில் வெறும் ஆணி.

அதற்குப் பிறகு எதிரே வந்த வண்டி எதுவும் அவள் நினைவில் இல்லை.

வாசலில் திரும்பும்போதே பார்த்துவிட்டாள். கேம்பரின் கண்ணாடிகளெல்லாம் உள்ளிருந்து வியர்த்திருந்தன. அடுத்து, சத்தம் இல்லை. பதினாலு வயதுப் பெண்கள் மூன்று பேர் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தால் தெருமுனைவரை கேட்க வேண்டாமா? கர்ட் கராஜிலிருந்து குறடும் கையுமாக வெளியே வந்தான்.

"ஹீட்டரப் போட்டியா?"

"பிள்ளைங்க நடுங்குதுங்க ரோண்டா. கொஞ்ச நேரந்தான். ஒரே ஒரு திருகாணி வரமாட்டேங்குது, எண்ணெ விட்டு ஊறப் போட்டிருக்கேன்..."

அவன் முடிக்குமுன் அவள் கடந்துவிட்டிருந்தாள். ஓடவில்லை. கால்கள் ஓடத் துடித்தன, அவள் விடவில்லை. கதவைத் திறந்தாள். அன்று முகர்ந்து பார்க்கவில்லை; இந்த வாயுவுக்கு வாசம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

மூவரும் பெரிய படுக்கையில் இருந்தார்கள். நகப்பூச்சு பாட்டில் கவிழ்ந்து போர்வையில் நீலமாகப் பரவிக்கொண்டிருந்தது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எடுக்கவில்லை.

"மிஸ் ரோண்டா" என்றாள் ஆனிகா, மெதுவாக. "தலைய யாரோ பிடிச்சுப் பிழியற மாதிரி இருக்கு."

"எல்லாரும் இறங்கணும்" என்றாள் ரோண்டா. பஸ்ஸில் பேசும் அதே குரல், ஒரு இழை கூடவில்லை. "பை வேண்டாம். கோட்டு வேண்டாம். கையக் குடு. குதி."

மூளை விழித்ததோ இல்லையோ, உடம்பு பழகியிருந்தது. பிரின் கையை நீட்டினாள், குதித்தாள். ஆனிகா கையை நீட்டினாள், குதித்தாள், முழங்கால் மடங்கி விழுந்து எழுந்தாள். டெஸ் படுக்கையிலேயே இருந்தாள். "அஞ்சு நிமிஷம், தூங்கிக்கறேன்" என்றாள். ரோண்டா மூச்சை அடக்கிக்கொண்டு ஏறி, ஹீட்டரை அணைத்து, தைத்துப்போட்ட தோளோடேயே அந்தப் பெண்ணின் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். தோளில் எதுவோ அறுவதுபோல இருந்தது. படியில் கர்ட் வாங்கிக்கொண்டான். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வேலியோரம் லாய்டு போனில் கத்திக்கொண்டிருந்தார்.

ஈரப் புல்லில் மூவரையும் உட்காரவைத்து ரோண்டா ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள். உன் பேர் என்ன? அம்மா பேர் என்ன? பிரின் அழுதுகொண்டே சொன்னாள். ஆனிகா சொன்னாள். டெஸ் தன் பெயரைச் சொன்னாள்.

"அம்மா பேரு, கண்ணு?"

டெஸ் அவளைப் பார்த்தாள். உதடு அசைந்தது. தெரிந்த ஒன்றை இருட்டறையில் கைவிட்டுத் துழாவுகிறவளைப்போல நெற்றியைச் சுருக்கினாள். ரோண்டா அந்தக் கையை விடவில்லை. உலகத்தில் அப்போது வேறெதுவும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பெண் குனிந்து புல்லில் வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "லோரி" என்றாள். "எங்கம்மா பேரு லோரி."

ஊர்த் தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள், எல்லாம் தெரிந்த முகங்கள். ஒருவர் கையடக்கக் கருவியோடு கேம்பரின் படியருகே போனார். உள்ளே நுழையுமுன்பே அது அலறத் தொடங்கியது. மூன்று பெண்களின் முகத்திலும் ஆக்ஸிஜன் மூடியை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கண்களில் வெளிச்சம் திரும்பியது. எதற்கும் இருக்கட்டும் என்று மூவரையும் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். லோரி வந்தாள். மகளோடு ஏறிக்கொண்டாள். ரோண்டாவைத் தாண்டிப் போகும்போது நிற்கவில்லை, திட்டவில்லை, பார்க்கவுமில்லை. பிரின்னோடு லாய்டின் மனைவி முன்னால் ஏறிக்கொண்டாள். பின்னாலேயே வருகிறோம் என்று ரோண்டா சொன்னாள்.

கடைசித் திருகாணியைத் தீயணைப்பு ஆள் ஒருவர்தான் உடைத்து எடுத்தார். வலைமூடி கழன்று விழுந்தது. கர்ட் உள்ளே கையை விட்டு, ஒரு முழம் உள்ளே தள்ளி அடைத்திருந்ததை உருவினான். கருகிப்போன கம்பிநார், உள்ளங்கை அளவு. அவன் கை வைத்தது. அவனுக்கே தெரியாதது.

வாசலில் இருந்த எல்லாரும் போய்விட்டார்கள். லாய்டு கோப்பையில் மிச்சமிருந்த காபியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார். ட்ரக்கின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கர்ட் அதன் பக்கத்தில் நின்றான், கோட்டின் முன்பக்கம் திறந்து கிடந்தது, குளிர் ஏறத் தொடங்கியிருந்தது.

"திட்டு ரோண்டா" என்றான். "ஏதாவது சொல்லு."

"சுவத்துல இருந்தத நான்தான் கழட்டிட்டுப் போனேன்" என்றாள் அவள்.

அவன் கோட்டின் ஜிப்பைப் பூட்டப் பார்த்தான். கரிபிடித்த விரல்களில் கொக்கி சேரவில்லை. மறுபடி முயன்றான். மறுபடியும் நழுவியது. ரோண்டா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அருகே வந்தாள். வலிக்கும் தோளை மெதுவாகத் தூக்கி, அவன் கைகளை விலக்கி, இரண்டு முனைகளையும் சேர்த்து, சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோலக் கழுத்துவரை இழுத்து மூடினாள்.